பின் சக்கரங்களில் தொடங்கும் தேர்வு: தோட்ட டிராக்டருக்கு ஸ்னோ புளோவர்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஹியூரான் ஏரிக்கும் ஜார்ஜியன் வளைகுடாவுக்கும் கரையாக அமைந்து, ஓவன் சவுண்டிலிருந்து காலிங்வுட் வழியாக பாரி வரை நீளும் நிலப்பரப்பை அங்குள்ளவர்கள் பனிப்பட்டை என்றே அழைக்கிறார்கள். வடக்கிலிருந்து வரும் உறைகாற்று, இன்னும் உறையாத ஏரிநீரைக் கடக்கும்போது ஈரத்தையும் வெப்பத்தையும் அள்ளிக்கொண்டு, கரையேறி நிலம் உயரத் தொடங்கும் இடத்தில் அவற்றைப் பனியாகக் கொட்டிவிடுகிறது. டொரொன்டோவில் ஓர் ஆண்டில் சராசரியாக ஏறத்தாழ 120 செ.மீ. பனி பெய்தால், வடக்கே ஒரு மணிநேரத் தொலைவிலுள்ள பாரியில் அது 200 செ.மீ.யைத் தாண்டுகிறது. டொரொன்டோ வட்டாரத்து ஊர்களான ஸ்கார்பரோவிலோ மார்க்கத்திலோ இரண்டு கார்கள் நிற்கும் டிரைவ்வேயைச் சவலால் வாரிப் பழகிய ஒரு தமிழ்க் குடும்பம், வடக்கே ஓர் ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கிக் குடியேறினால், முதல் குளிர்காலத்திலேயே அந்த வேறுபாடு அவர்களின் முதுகுக்குத் தெரிந்துவிடும்.

அந்த வேறுபாட்டை எடையில் சொல்லிப் பார்க்கலாம். சாலையிலிருந்து வீடு வரை 40 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள டிரைவ்வேயில் 25 செ.மீ. பனி விழுந்தால் அது 40 கன மீட்டர். கடுங்குளிரில் பெய்யும் பஞ்சு போன்ற உலர்பனி என்றால் கன மீட்டருக்கு 80 கிலோ என்ற கணக்கில் 3 டன்னுக்குச் சற்று மேல் வரும். வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி இருக்கும்போது விழும் ஈரப்பனி என்றால், கன மீட்டருக்கு 250 கிலோ என்று கொண்டாலும் மொத்தம் 10 டன். ஒரே ஆழம், ஒரே பாதை, ஆனால் எடை மூன்று மடங்கு. பனியை வாரித் தொலைவில் வீசும் இயந்திரமான ஸ்னோ புளோவர் பற்றிய பேச்சில் எத்தனை அங்குல அகலம், எத்தனை குதிரைத்திறன் என்ற கேள்விகளே முதலில் எழுகின்றன. எந்த வகைப் பனி, அதை நகர்த்தப்போகும் டிராக்டரின் உடல் எப்படிப்பட்டது என்ற கேள்விகள் பின்னுக்குப் போய்விடுகின்றன. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் கருத்து. புளோவரைத் தேர்ந்தெடுப்பது என்பது பெரும்பாலும் டிராக்டரை அறிந்துகொள்வதுதான்.

முதலில், இந்தக் கருவி யாருக்குத் தேவை என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 15 மீட்டருக்குட்பட்ட டிரைவ்வே உள்ளவருக்கு, பின்னால் நடந்து இயக்கும் 24 அல்லது 28 அங்குல ஸ்னோ புளோவர் எல்லா வகையிலும் வசதியானது: விலை குறைவு, திருப்புவது எளிது, காருக்கும் சுவருக்கும் இடையே நுழையும், கோடையில் ஒரு மூலையில் அடங்கிவிடும். மறுபக்கம், டிராக்டரின் முன்னால் பொருத்தும் எளிய பிளேடு 10 செ.மீ. வரையிலான பனியை எந்தப் புளோவரையும்விட வேகமாகத் தள்ளிவிடும். அதில் பழுதாவதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பிளேடு பனியை ஓரத்தில் குவிக்கத்தான் முடியும். டிசம்பரில் குவித்த பனி உறைந்து கல்லாகி, ஜனவரியில் பாதையைக் குறுக்கி, பிப்ரவரியில் தள்ளுவதற்கு இடமே இல்லாமல் செய்துவிடும். பனிப்பட்டையில் வாழ்பவர்கள் பிளேடைக் கைவிட்டுப் புளோவருக்கு மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இடநெருக்கடிதான். புளோவர் பனியைப் பத்து மீட்டருக்கு அப்பால் பரப்பிவிடுவதால் ஓரங்களில் சுவர் எழும்புவதில்லை. நீண்ட பாதை, அடிக்கடி ஆழமான பனி, ஏற்கெனவே கையில் உள்ள உறுதியான டிராக்டர் ஆகிய மூன்றும் சேரும் இடத்தில்தான் டிராக்டருக்கான புளோவருக்குப் பொருள் இருக்கிறது.

இந்தக் கருவியின் பிறப்பே கனடாவைச் சார்ந்தது. 1869இல் டொரொன்டோவைச் சேர்ந்த ஜே. டபிள்யூ. எலியட் என்னும் பல் மருத்துவர் ரயில் பாதைக்கான சுழல் பனிவாரியை வரைந்தார். பின்னர் ஆரஞ்ச்வில் ஊரைச் சேர்ந்த ஆரஞ்ச் ஜல் அந்த எண்ணத்தை மேம்படுத்தினார். சாலைக்கான முதல் சுயஇயக்க ஸ்னோ புளோவரை 1925இல் மான்ட்ரியல் பகுதியில் ஓட்டிக் காட்டியவர் ஆர்தர் சிகார்ட். வயலில் கதிரடிக்கும் இயந்திரம் வேலை செய்வதைப் பார்த்தே அவருக்கு இந்த எண்ணம் தோன்றியதாகச் சொல்லப்படுகிறது. 1927இல் அவுட்ரமான்ட் நகரம் அவரிடமிருந்து ஓர் இயந்திரத்தை வாங்கியது. அந்த அமைப்பில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உள்ளது: சிகார்ட் தன் லாரியை நகர்த்துவதற்கு ஓர் எஞ்சினையும், பனியை வீசுவதற்குத் தனியாக இன்னோர் எஞ்சினையும் வைத்திருந்தார். வண்டியை முன்னே தள்ளுவதும் பனியை வெளியே வீசுவதும் ஒன்றோடொன்று போட்டியிடும் இரு வேலைகள் என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார் என்றே அந்த அமைப்பிலிருந்து எனக்குத் தோன்றுகிறது. 1961இல் கப் கடெட், 1963இல் ஜான் டீர் 110 என வீட்டுத் தோட்டத்துக்கான டிராக்டர்கள் வந்து, அவற்றின் முன்னால் புளோவர் பொருத்தும் வழக்கம் பரவியபோது, இரு வேலைகளும் ஒரே சிறிய எஞ்சினின் தலையில் விழுந்தன.

அந்தச் சுமையைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. இரு கட்டப் புளோவரில், முன்னால் மெதுவாகச் சுழலும் திருகு (இதனை ஆகர் என்பார்கள்) பனியை நடுவே கூட்டித் தருகிறது. அதன் பின்னால் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் முறை சுழலும் விசிறிச் சக்கரம் அதை வாங்கி மேலே உள்ள குழாய் வழியாக வீசுகிறது. அந்தச் சக்கரத்தின் விட்டம் 16 அங்குலம், அதாவது 40 செ.மீ. என்றால் அதன் விளிம்பின் வேகம் வினாடிக்கு 21 மீட்டர். இப்போது 44 அங்குல அகலமுள்ள புளோவர், 25 செ.மீ. ஆழமான பனிக்குள் மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் வேகத்தில் நுழைகிறது என்று கொள்வோம். கன மீட்டருக்கு 150 கிலோ எடையுள்ள பனி என்றால் ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 17 கிலோ பனியை அது ஏற்கிறது. அதை அந்த வேகத்துக்குக் கொண்டுபோக மட்டும் 5 குதிரைத்திறன் வேண்டும். அதே பனி கன மீட்டருக்கு 350 கிலோவாகக் கனத்தால் வினாடிக்கு 40 கிலோ, 12 குதிரைத்திறன். பெல்ட்டின் வழுக்கல், கியர்பாக்ஸின் உராய்வு, பனிக்கட்டியை உடைப்பதற்கான விசை, டிராக்டர் நகர்வதற்கான விசை எல்லாம் இதற்கு மேல்தான். 18 முதல் 26 குதிரைத்திறன் எஞ்சின்கள் ஏன் இந்த வேலையில் திணறுகின்றன என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது. எஞ்சினை மாற்ற முடியாது, பனியின் எடையையும் மாற்ற முடியாது. நகரும் வேகத்தைக் குறைக்கத்தான் முடியும். ஆகவே மிக மெதுவாக ஊர்ந்து செல்லும் வசதி இந்த வேலைக்கான டிராக்டரின் முதல் தகுதியாகிவிடுகிறது.

ஹைட்ரோஸ்டாட்டிக் இயக்கம் உள்ள, அதாவது கியர் மாற்றாமல் எண்ணெயின் அழுத்தத்தால் சக்கரங்களை ஓட்டும் டிராக்டர்கள் இங்கே வெல்வது இதனால்தான். அவற்றில் எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டுக்கொண்டே, பெடலை மெல்ல விட்டு ஆமை நடையில் நகர முடியும்; தேவைப்பட்டால் நின்று, புளோவர் வாயில் உள்ளதை வெளியேற்றியபின் மீண்டும் நகரலாம். கியர் போட்டு ஓட்டும் பழைய டிராக்டர்களில் அந்த நுட்பம் கிடைப்பதில்லை. எஞ்சினை முழு வேகத்தில் வைப்பதும் விருப்பத்துக்கு விட்ட விஷயம் அன்று. பனி போய் விழும் தூரம் விசிறிச் சக்கரத்தின் விளிம்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது; காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், எஞ்சின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைப்பவர் வீச்சுத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடுவார். எரிபொருளைச் சேமிப்பதாக எண்ணிப் பாதி வேகத்தில் ஓட்டுபவரின் குழாய்தான் முதலில் அடைபடும்.

இனி, ஒரு கட்டமா இரு கட்டமா என்ற கேள்வி. ஒரு கட்டப் புளோவரில் விசிறிச் சக்கரம் கிடையாது. பெரிய விட்டமுள்ள திருகே வேகமாகச் சுழன்று பனியை நடுவே கூட்டி, நடுவிலுள்ள தகடுகளால் நேரடியாக மேலே எறிகிறது. பாகங்கள் குறைவு, திருகின் நடுவே கியர்பாக்ஸ் இல்லை, எடையும் குறைவு. 1960களிலும் 70களிலும் தோட்ட டிராக்டர்களோடு விற்கப்பட்டவற்றில் ஒரு கட்டப் புளோவர்கள் மிகுதி. அவற்றுள் பல இன்றும் ஓடுகின்றன. முழங்கால் அளவு உலர்பனியை அவை நன்றாகவே எறிகின்றன. அவற்றின் குறை, ஈரப்பனியிலும் டிரைவ்வேயின் வாயிலும் வெளிப்படும். நகராட்சியின் பனிவண்டி சாலையைச் சுத்தம் செய்துவிட்டுப் போகும்போது வீட்டு வாசலில் ஒரு வரப்பை விட்டுச் செல்கிறது. நொறுங்கிய பனிக்கட்டி, உப்பு, மணல், உருகிய நீர் எல்லாம் கலந்த அந்த வரப்புதான் குளிர்காலத்தின் உண்மையான தேர்வு. ஒரு கட்டத் திருகு கூட்டுவதையும் எறிவதையும் தானே செய்ய வேண்டியிருப்பதால், அந்த வரப்பில் அதன் வேகம் விழும். வேகம் விழுந்தால் எறிதல் நின்று குழாய் அடைபடும். இரு கட்ட அமைப்பில் திருகு திணறினாலும் விசிறிச் சக்கரத்தின் சுழற்சியில் உள்ள விசை குழாயைத் தூய்மையாக வைத்திருக்க முயல்கிறது. பாரி போன்ற இடத்தில் புதிதாக வாங்குபவர் இரு கட்டப் புளோவரையே வாங்க வேண்டும் என்று தயங்காமல் சொல்வேன். பழைய ஒரு கட்டப் புளோவர் ஒன்று பொருத்தமான டிராக்டரோடு சேர்ந்து குறைந்த விலையில் கிடைத்தால், அதை வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன்.

இரு கட்டப் புளோவரும் நீர்சொட்டும் கூழ்ப்பனியில் அடைபடும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. விசிறிச் சக்கரத்தின் தகடுகளுக்கும் அதைச் சூழ்ந்த உருளைக்கும் இடையே உள்ள இடைவெளி வழியாகக் கூழ் பின்னோக்கி நழுவுவது இதற்கு ஒரு காரணம். தகடுகளின் நுனியில் தடித்த ரப்பர்ப் பட்டைகளைப் போல்ட் போட்டு இணைத்து அந்த இடைவெளியை மூடுவது பலர் செய்துகொள்ளும் திருத்தம். செலவு குறைவு, பலன் கண்ணுக்குத் தெரியும்.

டிராக்டரின் உடலைப் பற்றிய பகுதிக்கு வருவோம். பணம் வீணாவது இங்கேதான். கடையில் ஒரே நிறத்தில் ஒன்றன் பக்கம் ஒன்றாக நிற்கும் வண்டிகளில் சில புல்வெட்டும் டிராக்டர்கள், சில தோட்ட டிராக்டர்கள். முன்னதன் சட்டம் மெல்லிய அழுத்துத் தகட்டால் ஆனது. பின் டயர் பெரும்பாலும் 20 அங்குல உயரம். பின்னதன் சட்டம் கனமானது. முன் அச்சு பல மாடல்களில் வார்ப்பிரும்பு. பின் டயர் 23 அங்குலம் அல்லது அதற்கு மேல். இவற்றைவிட முக்கியமானது கண்ணுக்குத் தெரியாமல் அடியில் இருக்கும் டிரான்ஸ்ஆக்சில், அதாவது எஞ்சினின் விசையைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பெட்டி. புல் வெட்டுவது மட்டுமே வேலை என்று எண்ணி வடிவமைக்கப்பட்ட டிரான்ஸ்ஆக்சில் கொண்ட வண்டியில், பின் சக்கரத்தில் சங்கிலியும் எடையும் ஏற்றிப் பனிக்குள் தள்ளினால் சக்கரம் வழுக்குவது நின்றுவிடும். வழுக்கல் நின்றதால் அந்தச் சுமை முழுவதும் உள்ளே இருக்கும் ஹைட்ராலிக் பம்பின்மேல் விழும். எண்ணெய் சூடேறி, பிடிப்பு தளர்ந்து, இரண்டு மூன்று குளிர்காலங்களில் மேட்டில் ஏறவே மறுக்கும் நிலைக்கு அது வந்துவிடும். டஃப் டார்க் நிறுவனத்தின் கே46 வகை பல பிராண்டுகளின் புல்வெட்டும் டிராக்டர்களில் உள்ள இலகு வகை. கே66 போன்றவை 23 அங்குல டயரையும் கனமான வேலையையும் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. டிராக்டரின் பெயர்ப்பலகையைப் பார்ப்பதைவிட, அதன் கையேட்டில் டிரான்ஸ்ஆக்சிலின் வகையைப் பார்ப்பது மேல். இலகு வண்டிக்கும் 42 அங்குலப் புளோவர்கள் விற்கப்படுகின்றன என்பது உண்மை. சமதளமான, தார் போட்ட, நடுத்தர நீளமுள்ள பாதையில் பொறுமையாக ஓட்டுபவருக்கு அவை பயன்படவும் செய்யும். சரிவான பாதை உள்ளவர் அந்த வழியில் போகக் கூடாது.

புளோவர் டிராக்டரில் எப்படி இணைகிறது என்பது அடுத்தது. வீட்டுச் சாமான்களைப் போல எதையும் எதனோடும் பொருத்த முடியும் என்ற எண்ணத்தோடு இந்தக் கடைக்குள் போகக் கூடாது. புளோவர் என்ற பெட்டி ஒன்று; அதை டிராக்டரின் சட்டத்தோடு பிணைக்கும் துணைச்சட்டம், தூக்கும் தண்டுகள், பெல்ட், பெல்ட்டைத் திருப்பிவிடும் கப்பிகள் ஆகியவை அடங்கிய பொருத்துத் தொகுதி வேறொன்று. இந்தத் தொகுதி மாடலுக்கு மாடல் மாறும். ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த வரிசைகளுக்கும்கூடப் பொருந்தாமல் போகும். டிராக்டர் நிறுவனங்களே தங்கள் மாடல்களுக்குப் புளோவர் விற்கின்றன. கியூபெக் மாகாணத்தின் பெர்கோமாக் போன்ற நிறுவனங்கள் ஒரே புளோவரைப் பல பிராண்டுகளுக்கும் பொருத்தும் வகையில் தனித்தனித் தொகுதிகளைத் தயாரிக்கின்றன. பழைய பொருள் வாங்குபவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்த இடம்தான்: புளோவர் மலிவாகக் கிடைத்துவிடும், தொகுதியில் இரண்டு தண்டும் ஒரு கப்பிச்சட்டமும் காணாமல் போயிருக்கும், உற்பத்தி நின்றுபோன அந்தப் பாகங்களைத் தேடி ஒரு குளிர்காலம் கழிந்துவிடும். டிராக்டரில் பொருத்தப்பட்டு ஓடிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்து, கழற்றுவதை உடனிருந்து படமெடுத்துக்கொண்டு வாங்குவதே பாதுகாப்பானது.

எஞ்சினின் விசை புளோவருக்குப் போகும் வழியும் மாடலைப் பொறுத்தது. இன்றைய வண்டிகளில் பெரும்பாலானவை செங்குத்துத் தண்டுள்ள எஞ்சின் கொண்டவை. அவற்றில் விசை எஞ்சினின் அடியிலுள்ள மின்கிளட்சிலிருந்து பெல்ட்டில் கிளம்பி, கிடைமட்டத்திலிருந்து செங்குத்தாகத் திரும்பி முன்னால் போக வேண்டும். ஒவ்வொரு திருப்பமும் பெல்ட்டுக்குத் தேய்மானம், நனைந்தால் வழுக்கல். கிடைத்தண்டு எஞ்சின் கொண்ட பழைய வீல் ஹார்ஸ், கப் கடெட் வண்டிகளில் இந்த வழி நேரானது. விலை உயர்ந்த தோட்ட டிராக்டர்கள் சிலவற்றில் பெல்ட்டுக்குப் பதிலாகச் சுழல் தண்டே நேராகப் புளோவருக்குப் போகிறது. ஈரத்தில் வழுக்காத அந்த அமைப்பு கிடைத்தால் விடக் கூடாது. இன்னும் ஒரு படி மேலே போனால் குபோட்டா பிஎக்ஸ் போன்ற நான்கு சக்கர இயக்கமுள்ள சிறு டீசல் டிராக்டர்கள். அவற்றின் பின்னால் மூன்று புள்ளி இணைப்பில் புளோவரைப் பூட்டி, நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுழலும் பின் தண்டால் இயக்கலாம். அமைப்பு எளிது, உறுதி மிகுதி. ஆனால் பாதை முழுவதும் பின்னோக்கித் திரும்பி உட்கார்ந்து ஓட்ட வேண்டும். கழுத்து வலியுள்ளவர் இதை வாங்குவதற்கு முன் அரைமணி நேரம் பின்னால் பார்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அகலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சங்கிலி போட்ட பின் சக்கரங்களின் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு அளந்து, அதைவிடச் சில அங்குலம் அகலமான புளோவரை வாங்க வேண்டும். அதைவிடக் குறுகலானது சக்கரத்துக்கு வழி விடாது. வளைவுகளில் டிராக்டர் தானே விட்ட ஓரப்பனியின்மேல் ஏறி நிற்கும். அதைவிட மிகவும் அகலமானது, மேலே பார்த்த கணக்கின்படி, எஞ்சினைத் திணறடிக்கும். பெரும்பாலான தோட்ட டிராக்டர்களுக்கு 44 முதல் 48 அங்குலம் என்பதே நடைமுறை.

இனி பிடிமானம். புளோவர் தானே பனியைத் தின்றுகொண்டு முன்னேறும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அதைப் பனிக்குள் தள்ளுவது பின் சக்கரங்கள் இரண்டும்தான். அந்தப் பின் சக்கரங்களின் எடையைத்தான் புளோவர் முதலில் பறித்துக்கொள்கிறது. 120 கிலோ எடையுள்ள புளோவரின் எடைமையம் முன் அச்சுக்கு 60 செ.மீ. முன்னால் இருப்பதாகவும், இரு அச்சுகளுக்கும் இடையே 120 செ.மீ. இருப்பதாகவும் கொண்டால், புளோவரைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் ஏற்றமரத்தின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழுவதுபோலப் பின் அச்சிலிருந்து 60 கிலோ எடை குறைந்துவிடும். பனித்தரையில் ரப்பருக்குக் கிடைக்கும் பிடிப்பே சொற்பம். அதிலும் 60 கிலோ போய்விட்டால் சரிவில் நின்ற இடத்திலேயே சக்கரம் சுழலும்.

இதற்கு மூன்று வழிகளில் ஈடு செய்கிறார்கள். ஒன்று, பின்னால் தொங்கவிடும் எடை. 45 கிலோவைப் பின் அச்சுக்கு 45 செ.மீ. பின்னால் தொங்கவிட்டால், அதே நெம்புகோல் கணக்கின்படி பின் அச்சில் 60 கிலோவுக்கு மேல் ஏறும். கூடவே முன் அச்சின் சுமையும் ஸ்டியரிங்கின் கனமும் குறையும். முன் சக்கரங்களின் தாங்கிகள் நெடுங்காலம் உழைப்பதற்கு இது பெரிய உதவி. இரண்டு, சக்கரங்களிலேயே பூட்டும் வார்ப்பிரும்பு எடைகளும் டயருக்குள் நிரப்பும் உறையாத திரவமும். இந்த எடை சட்டத்தையோ அச்சின் தாங்கியையோ வருத்தாமல் நேராகத் தரைக்கே போவதால், வாய்ப்பிருந்தால் இதையே முதலில் செய்ய வேண்டும். பீட்ரூட் சாற்றிலிருந்து செய்யும் திரவம் கால்சியம் குளோரைடைப் போல ரிம்மை அரிப்பதில்லை. விலை கூடினாலும் அதுவே நல்லது. மூன்று, டயர்ச் சங்கிலி. குறுக்குச் சங்கிலிகளுக்கு இடையே நான்கு கண்ணிகள் உள்ளதைவிட இரண்டு கண்ணிகள் உள்ளது மேல். ஏனெனில் எப்போதும் ஒரு குறுக்குச் சங்கிலியாவது தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும், ஓட்டமும் குலுக்கலின்றி இருக்கும். புதிய தார்ப் பாதையோ அலங்காரக் கல் பதித்த பாதையோ உள்ளவர்கள் கீறல் விழும் என்று அஞ்சி ரப்பர்ச் சங்கிலி தேடுவது நியாயமே. சங்கிலியே போடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது, சரிவில்லாத பாதைக்கு மட்டும் பொருந்தும். புளோவருக்கு ஒதுக்கிய பணத்தில் சில நூறு டாலர்களை எடைக்கும் சங்கிலிக்கும் எடுத்து வைக்க முடியாதென்றால், ஒரு படி சிறிய புளோவரை வாங்கிக்கொண்டு இவற்றை வாங்குவதே அறிவுடைமை.

சரளைப் பாதை உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். புளோவரின் இரு பக்கங்களிலும் உள்ள சறுக்குத் தகடுகள், அதன் கீழ்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. தார்ப் பாதையில் அரை அங்குலத்துக்கும் குறைவாக வைக்கலாம். சரளையில் ஓர் அங்குலத்துக்கு மேல் உயர்த்த வேண்டும். டிசம்பரின் முதல் பனி விழும்போது தரை இன்னும் உறைந்திருக்காது. அப்போது தாழ்த்தி ஓட்டுபவரின் புளோவர், பனியோடு கல்லையும் வாரி அண்டை வீட்டுச் சன்னலுக்கு அனுப்பும். முதல் இரண்டு பனிகளைச் சற்று மேலே விட்டு, சக்கரத்தால் மிதித்து இறுகவைத்து, பாதையின்மேல் உறைந்த ஒரு தளத்தை உருவாக்கிக்கொள்வது பனிப்பட்டையின் பழைய வழக்கம். வீசும் திசையைப் பற்றிய ஒரு சட்டமும் உண்டு: ஒன்டாரியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம், 181ஆம் பிரிவின்படி, சாலைக்குப் பொறுப்பான அமைப்பின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் சாலையில் பனியைப் போடக் கூடாது. ஆகவே வீசுகுழாயை இருக்கையிலிருந்தே விரைவாகத் திருப்ப முடிவதும், அதன் நுனித் தகட்டை மேலும் கீழும் சாய்க்க முடிவதும் வெறும் வசதிகள் அல்ல. கையால் சுற்றும் பிடி வேலை செய்யும். தடித்த கையுறையோடு ஒவ்வொரு திருப்பத்திலும் இருபது முறை சுற்ற வேண்டியவருக்கு, மின்மோட்டாரால் திருப்பும் அமைப்பின் மதிப்பு ஒரே காலையில் விளங்கிவிடும். தூக்குவதற்கு ஹைட்ராலிக் இருந்தால் நல்லது. கைநெம்புகோல் மட்டும் இருந்தால் உதவிச் சுருள்வில் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

திருகை அதன் தண்டோடு இணைக்கும் ஷியர் போல்ட் என்ற சிறு பொருள், உடைவதற்காகவே அங்கே வைக்கப்பட்டது. உறைந்த செய்தித்தாள் கட்டோ கல்லோ சிக்கும்போது அந்த மென்மையான போல்ட் அறுந்து, விலை மிகுந்த கியர்பாக்ஸைக் காப்பாற்றுகிறது. அடிக்கடி அறுகிறதே என்று சலித்துக்கொண்டு கடையில் கிடைக்கும் உறுதியான போல்ட்டை மாட்டுபவர், அடுத்த முறை கியர்பாக்ஸின் வெண்கலப் பற்சக்கரத்தைத்தான் மாற்ற வேண்டிவரும்.

குழாய் அடைபடும் தருணத்தைப் பற்றி அக்கறையோடு சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கனமான ஈரப்பனி நாளில் ஸ்னோ புளோவருக்குள் விரலை இழந்து கைச் சிகிச்சை நிபுணர்களிடம் வருபவர்கள், பெரும்பாலும் எஞ்சினை நிறுத்திவிட்டோம், இனி ஆபத்தில்லை என்று நம்பியவர்கள். எஞ்சின் நின்ற பின்னும், சிக்கிய பனியால் முறுக்கேறி நிற்கும் பெல்ட்டிலும் திருகிலும் ஒரு விசை தேங்கியிருக்கலாம். அடைப்பை விலக்கிய கணத்தில் விசிறிச் சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றும், விரலுக்கு அது போதும். இருக்கையிலிருந்து எழுந்தால் புளோவரை நிறுத்தும் பாதுகாப்புச் சுவிட்ச் டிராக்டரில் வேலை செய்கிறதா என்பதை வாங்கும் நாளிலேயே சோதிக்க வேண்டும். தொல்லையென்று அதைத் துண்டித்து வைத்திருக்கும் பழைய வண்டியை, அதைச் சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது. அடைப்பை எடுக்கக் கட்டையோ அதற்கென்றே தரும் பிளாஸ்டிக் கரண்டியோ மட்டும்தான். எந்த அவசரத்திலும் கை உள்ளே போகக் கூடாது.

பொருத்துவதை அக்டோபரிலேயே, உலர்ந்த தரையில், வெளிச்சத்தில் செய்துவிட வேண்டும். முதல் முறை ஒரு நாள் முழுவதும் எடுக்கலாம்: புல்வெட்டும் தட்டைக் கழற்றுவது, துணைச்சட்டத்தைப் பூட்டுவது, பெல்ட்டின் இறுக்கத்தைப் பார்ப்பது, சங்கிலியை இறுக்கி நூறு மீட்டர் ஓட்டிவிட்டு மீண்டும் இறுக்குவது. கோடையில் ஊற்றிய எஸ்ஏஇ 30 எண்ணெய் உறைகுளிரில் கெட்டியாகி எஞ்சினைச் சுழலவிடாது. அதை வடித்துவிட்டு 5டபிள்யூ-30 ஊற்ற வேண்டும். தரை உறைவதற்கு முன்பே பாதையின் இரு ஓரங்களிலும் உயரமான குச்சிகளை நட்டுவிட வேண்டும், ஜனவரியில் சம்மட்டியால் அடித்தாலும் அவை இறங்கா. உதிரி ஷியர் போல்ட் நான்கும் அதற்குரிய ஸ்பேனர் ஒன்றும் இருக்கைக்கு அடியில், டிராக்டரோடேயே இருக்கட்டும்.